மூன்றாவது சரணத்தில் ஒரு டம்

போன மாதம் செல்வம் பெங்களூரிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தான். வைண்டிங் எஞ்சின் ரூமில் என் கடைசி எட்டு வருஷம் என்னோடு வேலை பார்த்தவன். செல்போனில் ஒரு பாட்டைப் போட்டு என் காதருகே நீட்டினான்.

"சார், உங்க அமெரிக்காக்காரர் பாட்டுங்க எல்லாம் மறுபடியும் புதுசா வந்துகீது. பழைய இரைச்சல் ஒண்ணு விடாம எடுத்துட்டாங்களாம், கேளுங்க."

கேட்டேன். சுத்தமாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரித் தரை மாதிரி இருந்தது. இரண்டாவது பாட்டின் மூன்றாவது சரணம் வந்ததும் காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். செல்வம் பதறியதில் கையிலிருந்த டீ சட்டையெல்லாம் கொட்டிவிட்டது. "இன்னா சார் ஆச்சு?" என்று எழுந்தே விட்டான். உட்காரவைத்துக் கதையைச் சொன்னேன். இதை எழுதி வைக்கணும் சார் என்று அவன்தான் விடாப்பிடியாகச் சொன்னான்.

கோலார் தங்க வயலில் நான் வேலைக்குச் சேர்ந்தது எண்ணெய் ஊற்றுகிறவனாக. ஊரிகத்தில் எங்கள் லைன் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழி. அஞ்சு வருஷம் எண்ணெய் ஊற்றினேன், மூன்று வருஷம் பிரேக் துடைத்தேன், அப்புறம் அசிஸ்டெண்ட் ஆனேன். இதில் விவரிக்க ஒன்றும் இல்லை.

வைண்டர் வேலை என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்களைப் பூமிக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பேர். அதன் வடம் மேலே எஞ்சின் டிரம்மில் சுற்றியிருக்கும். டிரம்மை ஓட்டுகிறவர் வைண்டர். கேஜ் அவர் கண்ணுக்குத் தெரியாது. ஆழத்தைக் காட்டுகிற டயலில் ஒரு முள், கீழேயிருந்து வருகிற மணி, எஞ்சின் சத்தத்தைப் பிரித்துக் கேட்கிற காது, இவ்வளவையும் நம்பித்தான் இத்தனை உயிரும் இறங்கி ஏறும். ஓடும்போது ஒரு மணி அடித்தால் நிறுத்த வேண்டும். மணியே அடிக்காவிட்டாலும், மனசில் சந்தேகம் வந்தால் நிறுத்த வேண்டும். ஏன் நிறுத்தினாய் என்று அந்த நிமிஷம் யாரும் கேட்கக் கூடாது. இதுதான் எஞ்சின் ரூமின் முதல் சட்டம்.

அந்தச் சட்டத்துக்கு ஆள் உருவம் கொடுத்தால் எங்கள் ஃபோர்மேன் ஏகாம்பரம் மாதிரி இருக்கும். காக்கிக் கால்சட்டையின் மடிப்பில் காய் நறுக்கலாம். திட்டவே மாட்டார். எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான்: "எழுதியாச்சா?" பிரேக் சூடாகிறது சார் என்றால், எழுதியாச்சா. ஒருநாள் கூரையிலிருந்து பாம்பு விழுந்து நாங்கள் நாலு பேரும் வெளியே ஓடினோம். வாசலில் மறித்து நின்று கேட்டார், "எழுதியாச்சா?" என் இரண்டாவது மகள் பிறந்த சேதியைச் சொன்னபோதும் அதையேதான் கேட்டார். பிறப்புப் பதிவைச் சொல்கிறார் என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

இப்படிப்பட்ட மனிதர் ராக் அண்ட் ரோல் பாட்டு கேட்கிறார் என்றால் நம்ப முடியுமா? கேட்டார், தினமும். ஆனால் ரசிக்கவில்லை, இன்ஸ்பெக்‌ஷன் செய்தார்.

அது ஆரம்பித்தது இப்படி. கிளப் விழா ஒன்றில் அவருக்குப் பரிசாக ஒரு ரெக்கார்டு விழுந்தது. அந்த நாளில் உலகத்தையே குலுக்கிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பாடகர் பாடியது. அது கைதவறி உடைந்தது. பொருள் போனால் அதே பொருளை வாங்கி அதே இடத்தில் வைக்கிறவர் இவர். பஜாரில் சொல்லிவைத்து அதே நம்பர் ரெக்கார்டு வாங்கினார். போட்டுக் கேட்டால் பாட்டு முன்னதைவிடக் கடைசியில் நாலு நொடி நீளம்! "ஒரே பார்ட் நம்பர். சாமான் மட்டும் வேற. இது எப்படிய்யா?" என்று என்னிடமே கேட்டார். மெஷின் மனிதருக்கு அது அவமானம். அன்றிலிருந்து அந்தப் பாடகரின் ஒவ்வொரு பாட்டும் எத்தனை தடவை மறுபடி வெளிவந்ததோ அத்தனையும் வாங்க ஆரம்பித்தார். கனத்த அரக்குத் தட்டு, கைக்குள் அடங்கும் சின்னத் தட்டு, பன்னிரண்டு பாட்டு கொண்ட பெரிய தட்டு. அந்தப் பெரிய தட்டே சில வருஷம் கழித்து அட்டைப் படம் மாறி மறுபடி வந்தது. பழையது, புதியது என்று நாங்கள் சொன்னது அந்த இரண்டைத்தான்.

எஞ்சின் ரூம் முறைதான் அங்கேயும். ஷிஃப்டில் ஆட்களை ஏற்றுவதற்கு முன் கேஜைக் காலியாக ஒரு தடவை இறக்கி ஏற்றிப் பார்ப்போம். அதே மாதிரி ரெக்கார்டு பிளேயரையும் முதலில் வெறுமனே ஓடவிடுவார். ஊசியை எத்தனை தடவை பயன்படுத்தியது என்பதற்கு ஒரு தனிப் புத்தகம். அந்தக் கணக்குப்படி ஊசி தேயக்கூடாத வேகத்தில் தேய்ந்துகொண்டிருந்தது, அது அவருக்குத் தீராத தலைவலி. கேட்கும்போது சுவரைப் பார்த்து உட்காருவார், கையில் ஸ்டாப் வாட்ச். லேபிளைப் பார்த்தால் கண் காதுக்குச் சிபாரிசு செய்துவிடுமாம். ரெக்கார்டை மாற்றுவது, ஊசி வைப்பது, எழுதுவது மூன்றும் என் வேலை. பழையதுதான் முதலில் ஓட வேண்டும், புதியது பிறகு. சுரங்கத்தில் எல்லாமே சீனியாரிட்டிப்படி என்பது அவர் கட்சி.

நேரமும் மாறாது. சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் எல்லாம் மேலே வந்ததும் ஒரு சங்கு ஊதும். கீழே பாறைக்கு வேட்டு வைக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். வேட்டு முடிந்து புகை அடங்கும்வரை கேஜ் ஓடாது. அந்த இடைவெளியில்தான் ஃபோர்மேன் பக்கத்திலேயே இருந்த தன் குவார்ட்டர்ஸுக்குப் போய் டீ குடிப்பார். சங்கு அடங்கின நொடியில் ஊசி தட்டில் இறங்க வேண்டும். இன்னொரு அசிஸ்டெண்ட் எஞ்சின் ரூமில் இருப்பான், நான் ஃபோர்மேனோடு போவேன்.

அவர் மனைவி சரோஜா அம்மா இந்தக் கூத்து தனக்குப் பிடிக்காத மாதிரிதான் காட்டிக்கொள்வார். அந்தப் பாடகருக்கு அவர் வைத்த பேர் வயித்துவலிக்காரன். "பாவம், இந்த முனகு முனகுறான். அந்த ஊர்ல ஓமத்தண்ணி குடுக்க ஒருத்தரும் இல்லியா முனி?" என்று என்னைக் கேட்டு டீயை வைத்துவிட்டுப் போவார். முனிரத்தினம் என்ற என் பெயர் அவர் வாயில் முனி.

இப்போது என் பயத்தைச் சொல்ல வேண்டும். எனக்குக் கேஜ் என்றால் நடுக்கம். ஒரே ஒரு தடவை இறங்கியிருக்கிறேன், பாதி வழியில் வயிறு மேலேயே தங்கிவிட்டது. இந்த நேரத்தில்தான் உத்தரவு வந்தது. அசிஸ்டெண்டுகள் இரண்டு பேரில் ஒருவர் வைண்டர் ஆகலாம், மற்றவர் கீழே சுரங்கத் தண்ணீர் இறைக்கிற பம்ப் பார்க்கப் போக வேண்டும், ஃபோர்மேன் சிபாரிசுதான் முடிவு. இரண்டு பேர் என்றால் நானும் தாமோதரனும். தாமோதரன் நல்லவன். அந்தச் சமயத்தில் அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஃபோர்மேன் எங்கள் இரண்டு பேரையும் ஒரு சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டார். "பழசு, புதுசு ரெண்டும் போடறேன். வித்தியாசம் சொல்லணும். ரெக்கார்டுல வித்தியாசம் கேக்காத காதுக்கு வடத்துல எப்படிக் கேக்கும்?" என்றார். இரண்டும் ஓடி முடிந்தன.

"பாட்டு கேக்குதுங்க சார். ரெண்டும் ஒரே பாட்டு" என்றான் தாமோதரன்.

ஃபோர்மேன் முகம் சுருங்கியது. என் பக்கம் திரும்பினார். எனக்குக் கண் முன்னால் பம்ப் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் ஒரு சின்ன சத்தம் கேட்டிருந்தேன். மற்ற நாளாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"ரெண்டாவது பாட்டு, மூணாவது சரணத்துல 'டம்'முனு ஒண்ணு விழுது சார். புதுசுல அது இல்லீங்க" என்றேன்.

மறுநாள் அவரே உட்கார்ந்து கேட்டார். சரணம் வந்தது. டம்! ஸ்பீக்கரிலிருந்தே வந்தது. அதற்கடுத்த பாட்டு முழுக்க டிரம் அடிதான் என்பதால் அதில் வேறு எதுவும் பிரிந்து கேட்காது. புதியதை வைத்தோம். அந்த இடத்தில் சுத்தமாக ஒன்றும் இல்லை. நாற்காலியோடு திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் அப்படி ஒரு மரியாதையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எழுதியாச்சா?" என்றார்.

எழுதினோம். பதினெட்டு நாள் தொடர்ந்து எழுதினோம். பழையது: டம் உண்டு. புதியது: டம் இல்லை. சில நாள் அது நாலைந்து நொடி முன்னே பின்னே விழும். மின்சார வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் தட்டு சுற்றும் வேகம் மாறுகிறது என்று ஃபோர்மேன் விளக்கம் சொல்லி எழுதவைத்தார். மறுவெளியீட்டில் ஒரு டிரம் அடியை ஏன் நீக்கினீர்கள் என்று ரெக்கார்டு போட்டவர்களுக்குக் கடிதமும் போனது. தங்கள் கடிதம் கிடைத்தது, கவனிக்கிறோம் என்று ஒரு தபால் கார்டு வந்தது. "பாத்தியா, இல்லேன்னு சொல்லல" என்றார் ஃபோர்மேன்.

பங்காருபேட்டையில் பெர்னார்ட் என்று ஒரு ரயில்வே கார்டு இருந்தார். ஆங்கிலோ இந்தியர். அவரும் இந்தப் பாடகரின் தட்டுகளைச் சேர்க்கிறவர். ஃபோர்மேனிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது, மெட்ராஸ் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரரிடமிருந்து வந்த அமெரிக்க அசல் தட்டு. ஃபோர்மேன் டம் விஷயத்தைப் பெருமையாகச் சொல்லி அனுப்ப, பெர்னார்ட் தன் பழைய தட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு அடுத்த ரயிலிலேயே வந்துவிட்டார்.

"என் பிளேட்ல டம் இல்ல மேன். ஒன்னும் இல்ல."

"அப்ப உங்களுது பழசே இல்ல. புதுசைப் பழைய அட்டையில போட்டு உங்க தலையில கட்டிட்டாங்க."

"உன் காது போச்சு மேன்!"

"விசில் ஊதி ஊதிப் போனது உங்க காது."

பேச்சு முற்றிப் பந்தயத்தில் முடிந்தது. வரும் புதன்கிழமை பெர்னார்ட் வந்து நேரில் கேட்க வேண்டும். பழையதில் டம் இருந்து புதியதில் இல்லாவிட்டால் அமெரிக்கத் தட்டு ஃபோர்மேனுக்கு. இல்லையென்றால் ஃபோர்மேன் சேர்த்த தட்டுகள் எல்லாம் பெர்னார்டுக்கு.

திங்கட்கிழமை ஃபோர்மேன் மேனேஜர் ஆபீசுக்குப் போயிருந்தார். அதனால் நான் எஞ்சின் ரூமிலேயே இருந்தேன். சங்கு ஊதி அடங்கியது. பழக்க தோஷம், மனசுக்குள் ஊசியை வைத்துவிட்டேன். முதல் பாட்டு ஓடியது. இரண்டாவது பாட்டு. முதல் சரணம், இரண்டாவது, மூன்றாவது. டம்! டயலின் கண்ணாடி கிணிங்கென்றது.

எஞ்சின் ரூமில் ரெக்கார்டு பிளேயர் கிடையாது.

எனக்கு வேர்த்துவிட்டது. வேட்டு! கீழே வெடிக்கிற வேட்டு! பிறந்ததிலிருந்து தினமும் தரை அதிர்ந்த ஊர் எங்களுடையது. பாத்திரம் ஆடும், ஜன்னல் ஆடும், எங்கள் பேச்சு மட்டும் நிற்காது. தன் மூச்சு தனக்குக் கேட்காத மாதிரி எங்களுக்கு அது கேட்காது. அந்த அதிர்ச்சியில் ஊசி துள்ளினால் ஸ்பீக்கரில் டம். பழையது சீனியாரிட்டிப்படி முதலில் ஓடுகிறது, அதனால் வேட்டு எப்போதும் அதில்தான் விழுகிறது. புதியதை வைப்பதற்குள் எல்லா வேட்டும் முடிந்திருக்கும். பங்காருபேட்டை வரை இது எட்டாது. பதினெட்டு நாளாக நாங்கள் சொந்தச் சுரங்கத்தை இன்ஸ்பெக்‌ஷன் செய்திருக்கிறோம்.

மனசு ஆறாமல் செவ்வாய்க்கிழமை காலையில், ஃபோர்மேன் டியூட்டியில் இருக்கிற நேரமாகப் பார்த்து சரோஜா அம்மாவிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிச் சிரித்தார்.

"நான்தான் தெனம் காலையில அந்தப் பழசைப் போட்டுக் கேப்பேனே முனி! மாவாட்டிகினே கேட்டா வேலையே தெரியாது. அதுல டம்மும் இல்ல, கிம்மும் இல்ல. அவர்கிட்ட சொல்லிடாத."

"வயித்துவலிக்காரன்னு சொன்னீங்களே!"

"வயித்துவலி வந்தா இன்னா? நல்லாத்தானே பாடுறான்."

ஊசி ஏன் தேய்ந்தது என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அதற்குப் பதில் சொல்வது என் வேலை இல்லை.

புதன்கிழமை காலை, சொல்லிவிடுவது என்று தீர்மானித்து ஃபோர்மேன் மேஜை முன்னால் போய் நின்றேன். "சார், ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தேன். அவர் ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். வைண்டர் வேலைக்கான சிபாரிசுப் படிவம். என் பெயர். அதற்குக் கீழே அவர் கையெழுத்தில்: 'காது: மிக நன்று. யாரும் கண்டறியாத வேறுபாட்டைத் தானே கண்டறிந்தவர்.'

"இன்னா சந்தேகம்?" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க சார்" என்று திரும்பிவிட்டேன். பொய் சொன்னவன் கூட இல்லை நான், அதுதான் கொடுமை. கேட்டதைத்தான் சொன்னேன். ஆனால் இப்போது தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கிறேன். அன்று முழுக்க என்னை எனக்கே பிடிக்கவில்லை.

சாயங்காலம் பெர்னார்ட் அமெரிக்கத் தட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். மூன்று டீ வந்தது. ஃபோர்மேன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார், பெர்னார்டையும் அப்படியே உட்காரச் சொன்னார். என் முன்னால் இரண்டு தட்டுகள். சங்கு ஊத ஆரம்பித்தது. என் கை பழையதின் மேல்தான் இருந்தது. ஊசி இறங்கினால் டம் விழும், அமெரிக்கத் தட்டு ஃபோர்மேனுக்கு, வேலை எனக்கு. ஒருத்தருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மணி எதுவும் அடிக்கவில்லை. ஆனால் என் கை நின்றுவிட்டது. புதியதை எடுத்து வைத்தேன்.

சங்கு அடங்கியது. ஊசி இறங்கியது. முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டு, மூன்றாவது சரணம். டம்!

பெர்னார்ட் நாற்காலியிலிருந்து ஒரு அடி எழும்பினார். "பூகம்பம் மேன்! வெளிய ஓடு!"

"எதுக்கு இப்டி குதிக்கிறாரு?" என்று சமையலறையிலிருந்து சரோஜா அம்மா எட்டிப் பார்த்தார்.

ஃபோர்மேன் திரும்பவில்லை. ஸ்டாப் வாட்சை அமுக்கினார். "பழையது. டம் உண்டு. எழுதியாச்சா?"

"சார்," என்றேன், "இப்ப ஓடறது புதுசு சார்."

அவர் மெதுவாகத் திரும்பினார். எழுந்து வந்து தன் கையாலேயே ஊசியைத் தூக்கினார். தட்டு நின்றது. லேபிளைப் படித்தார். பாட்டு நின்ற வீட்டில், அலமாரியில் அடுக்கியிருந்த பித்தளை டம்ளர்கள் தானாக ஒரு தடவை கிணுகிணுத்தன. பிறகு இன்னொரு தடவை. ஃபோர்மேன் டம்ளர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். விரலை மடக்கி எண்ணினார். ஏழு வரை எண்ணினார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"முந்தாநாள் சார்."

"காலையில வந்தது இதுக்குத்தானா?"

தலையாட்டினேன். அவர் நோட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அன்று முதல் தடவையாக அவரே எழுதினார். 'மறுவெளியீட்டில் குறை இல்லை. குறை, கேட்டவரிடம்.' கீழே கையெழுத்துப் போட்டார்.

பெர்னார்டுக்கு விவரம் புரிய ஐந்து நிமிஷம் ஆனது. புரிந்ததும் தட்டுகளை எடுக்கக் கை நீட்டினார். சரோஜா அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"எல்லாத்தையும் எடுத்துகினு போனா நாளைக்குக் காலையில நான் இன்னாத்தக் கேட்டுகினு மாவாட்டறது?"

ஃபோர்மேன் மனைவியைப் பார்த்தார். ஊசி ஏன் தேய்ந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊசிப் புத்தகத்தை எடுத்து அதிலும் ஏதோ எழுதினார். பெர்னார்ட் நல்ல மனிதர், சரோஜா அம்மாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிவிட்டுப் புதிய தட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனார்.

"பழசைப் போடு முனிரத்தினம்" என்றார் ஃபோர்மேன். ஸ்டாப் வாட்சை மேஜையில் வைத்துவிட்டார். நாற்காலியைப் பிளேயர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வேட்டெல்லாம் முடிந்திருந்தது. மூன்றாவது சரணம் வந்தது. அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஃபோர்மேன் ஏகாம்பரம் பூட்ஸ் காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. சரோஜா அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். ஃபோர்மேன் சிரித்தாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, மீசை ஒரு பக்கம் ஏறியது.

மறுநாள் என் படிவத்தைக் கிழித்துவிட்டார். இல்லாததை இல்லை என்று சொன்னவன் தாமோதரன்தான் என்று அவனுக்குச் சிபாரிசு எழுதினார். நியாயம்தான். நான் ஒன்றரை வருஷம் கீழே பம்ப் பார்த்தேன். தினமும் தாமோதரன் ஓட்டின கேஜில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன். அலுங்காமல் குலுங்காமல் ஓட்டினான். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அடுத்த வைண்டர் இடம் காலியானபோது ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டார். புதுப் படிவம். என் பெயர். நான் அந்த வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தத் தாளின் நகலைப் பெட்டியில் வைத்திருந்தேன், இப்போதும் இருக்கிறது. செல்வத்திடம் எடுத்துக் காட்டினேன். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தான்.

"காது: சுமார். நிறுத்தத் தெரிந்தவர்."

மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஈரச் சட்டையை உதறிக்கொண்டே, "இன்னொரு தடவை போடட்டுமா சார்?" என்றான்.

போடு என்றேன். புது டீயை மட்டும் முதலில் கீழே வைக்கச் சொன்னேன்.